பட்டறை இயந்திரத்துக்கு எந்த மின்னழுத்தம், எந்தச் சுவிட்ச்? நான்கு வழிகளை ஒப்பிட்டு ஒரு முடிவு

இயந்திரத்தின் பெயர்த்தகட்டில் பொறித்திருக்கும் மின்னழுத்தமும் பட்டறைச் சுவரில் வந்து சேரும் மின்னழுத்தமும் பொருந்தாதபோது நான்கு வழிகள் இருக்கின்றன. பெயர்த்தகடே இரண்டு மின்னழுத்தங்களைக் காட்டித் தேர்வை நம்மிடம் விடும்போதும் இதே நான்குதான். மோட்டாரின் உள் இணைப்பை மாற்றலாம், நடுவில் ஒரு டிரான்ஸ்ஃபார்மரை வைக்கலாம், வி.எஃப்.டி. (மின்சாரத்தின் அலைவெண்ணையும் மின்னழுத்தத்தையும் மாற்றித் தரும் மின்னணுப் பெட்டி) வழியாக ஓட்டலாம், மோட்டாரையே மாற்றிவிடலாம். இந்த நான்கில் எது நல்லது என்பதைப் பற்றிப் பலரும் பேசுகிறார்கள். மின்னழுத்தம் மாறிய அன்றே சுவிட்சும், ஓவர்லோட் ரிலேயும் (மோட்டார் அளவுக்கு மீறி மின்சாரம் இழுத்தால் அணைப்பது), கான்டாக்டர் காயிலும் (மோட்டாரை இணைக்கும் காந்தச் சுவிட்சை இழுத்துப் பிடிக்கும் கம்பிச்சுருள்), பிளக்கும் அதோடு சேர்ந்து மாற வேண்டும் என்பதைத்தான் அநேகமாக எல்லோரும் மறந்துவிடுகிறார்கள். ஆகவே ஒவ்வொரு வழியையும் அதற்குரிய சுவிட்சோடு சேர்த்தே இங்கு எடைபோடுகிறேன்.

எந்த வழியையும் எடுப்பதற்கு முன், கையில் இருப்பது எந்த வகை மோட்டார் என்று தெரிந்தாக வேண்டும். கைத்துளைப்பான், ஆங்கிள் கிரைண்டர், ரூட்டர், கையில் பிடித்து அறுக்கும் வட்ட ரம்பம் ஆகியவற்றில் பெரும்பாலும் கார்பன் பிரஷ் உள்ள யுனிவர்சல் மோட்டார் இருக்கும். மேசை ரம்பம், இழைப்பு இயந்திரம், லேத், நிலையான சாணை, கம்பிரசர் ஆகியவற்றில் பெரும்பாலும் இண்டக்ஷன் மோட்டார் இருக்கும். பெயர்த்தகட்டின் வேகமே இரண்டையும் பிரித்துக் காட்டிவிடும். நிமிடத்துக்குப் பத்தாயிரம், இருபதாயிரம் சுற்று என்று இருந்தால் அது யுனிவர்சல் மோட்டார். 1440, 2880 அல்லது 1725, 3450 என்று இருந்தால் இண்டக்ஷன் மோட்டார். இந்த வேறுபாடு ஏன் முக்கியம் என்றால், யுனிவர்சல் மோட்டாருக்கு மின்னழுத்தம் மட்டும் சரியாக இருந்தால் போதும், அலைவெண் 50 ஹெர்ட்ஸா 60 ஹெர்ட்ஸா என்பது அதற்கு ஒரு பொருட்டல்ல. இண்டக்ஷன் மோட்டாருக்கோ இரண்டும் பொருந்தியாக வேண்டும்.

முதல் வழியான உள் இணைப்பு மாற்றத்தில் தொடங்குகிறேன், ஏனென்றால் அது முடியும் இடத்தில் வேறு எதையும் நான் பரிந்துரைக்க மாட்டேன். '115/230 வோல்ட், 16/8 ஆம்பியர்' என்று தகட்டில் போட்ட ஒரு சிங்கிள் ஃபேஸ் மோட்டாரின் டெர்மினல் பெட்டியைத் திறந்து பாருங்கள். ஓடும் வைண்டிங் ஒரே வைண்டிங்காக இல்லாமல் இரண்டு சம பாதிகளாக, 1–2 என்றும் 3–4 என்றும் எண்ணிட்ட நான்கு முனைகளோடு வெளியே வந்திருக்கும். 1-ஐயும் 3-ஐயும் ஒன்றாக, 2-ஐயும் 4-ஐயும் ஒன்றாகச் சேர்த்தால் இரு பாதிகளும் பக்க இணைப்பில் 115 வோல்ட்டில் ஓடும். 2-ஐயும் 3-ஐயும் சேர்த்து முடிந்துவிட்டு 1-க்கும் 4-க்கும் மின்சாரம் கொடுத்தால் அவை தொடர் இணைப்பில் 230 வோல்ட்டில் ஓடும். இரண்டு நிலையிலும் ஒவ்வொரு பாதியும் காண்பது அதே 115 வோல்ட்தான். தொடங்கும் வைண்டிங்கை வழக்கமாக 115 வோல்ட்டுக்கே சுற்றியிருப்பார்கள். 230 இணைப்பில் அதை ஒரு பாதியின் மேல் மட்டும் கட்டுவார்கள். மூடியின் உட்புறத்தில் ஒட்டியிருக்கும் வரைபடத்தைப் பார்க்காமல் நினைவை நம்பி இதைச் செய்யக் கூடாது, ஏனென்றால் தொடங்கும் வைண்டிங்கின் முனைகள் எதனுடன் சேர்கின்றன என்பதைப் பொறுத்துச் சுழலும் திசையும் மாறிவிடும்.

230 வோல்ட்டுக்கு மாற்றினால் மோட்டாருக்குச் சக்தி கூடும் என்று பலர் நம்புகிறார்கள். வைண்டிங்கின் ஒவ்வொரு பாதியும் அதே மின்னழுத்தத்தைக் காணும்போது சக்தி கூட வழியில்லை. ஆனால் மாற்றியவர்கள் 'ரம்பம் இப்போது திணறாமல் அறுக்கிறது' என்று சொல்வதும் பொய்யல்ல. காரணம் மோட்டாரில் இல்லை, கேபிளில் இருக்கிறது. 2.5 சதுர மில்லிமீட்டர் செம்புக் கம்பியின் மின்தடை கிலோமீட்டருக்குச் சுமார் 7.4 ஓம். மின்பலகையிலிருந்து இயந்திரம் 20 மீட்டர் தூரத்தில் இருந்தால், போக வர 40 மீட்டருக்கு 0.3 ஓம் ஆகிறது. 115 வோல்ட்டில் 16 ஆம்பியர் ஓடும்போது கேபிளில் 4.8 வோல்ட் விழும், அதாவது நான்கு விழுக்காட்டுக்கு மேல். 230 வோல்ட்டில் 8 ஆம்பியர் ஓடும்போது 2.4 வோல்ட் மட்டுமே விழும், அது ஒரு விழுக்காடு. தொடங்கும் கணத்தில் இண்டக்ஷன் மோட்டார் ஐந்து மடங்கு மின்னோட்டத்தை இழுப்பதாக வைத்துக்கொண்டால், 115 வோல்ட்டில் 80 ஆம்பியருக்கு 24 வோல்ட் கேபிளிலேயே போய் மோட்டாருக்கு 91 வோல்ட்தான் மிஞ்சும். முறுக்குவிசை மின்னழுத்தத்தின் வர்க்கத்துக்கு ஏற்ப மாறுவதால், இருக்க வேண்டியதில் 63 விழுக்காடு மட்டுமே கிடைக்கும். அதே கேபிளில் 230 வோல்ட்டுக்கு மாறிய மோட்டார் சுமார் 90 விழுக்காட்டைத் தக்கவைத்துக்கொள்ளும். நீண்ட கேபிளும் பாரமான தொடக்கமும் உள்ள இடத்தில் இந்த மாற்றம் உண்மையாகவே பலன் தரும். மின்பலகைக்கு மூன்று மீட்டர் தூரத்தில் நிற்கும் சிறிய சாணைக்கு அது வீண் வேலை.

இணைப்பைத் தவறாகப் போட்டால் என்ன ஆகும் என்பதையும் தெரிந்துகொள்வது நல்லது. 115-க்குக் கட்டிய மோட்டாருக்கு 230 கொடுத்தால் ஃபியூஸ் போகும், இல்லையேல் வைண்டிங் போகும். எதிர்த்திசைத் தவறு அதைவிட ஏமாற்றுவது. 230-க்குக் கட்டிய மோட்டாருக்கு 115 கொடுத்தால் அது உறுமிக்கொண்டு மெதுவாகத் திரும்பும். முழு வேகத்தில் ஏறத்தாழ முக்கால் பங்கை எட்டினால்தான் சென்ட்ரிஃபியூகல் சுவிட்ச் திறந்து தொடங்கும் வைண்டிங்கைக் கழற்றிவிடும் என்பதால், அந்த வேகத்தை எட்டாத மோட்டாரில் சில நொடிகளுக்கென்று சுற்றிய மெல்லிய வைண்டிங் தொடர்ந்து மின்சாரத்தைச் சுமந்து சூடாகும். மோட்டார் வேகம் பிடித்ததும் உள்ளிருந்து வரும் அந்தச் சிறு 'டிக்' ஓசை கேட்கிறதா என்று கவனிக்கும் பழக்கம் உங்களுக்கு இருந்தால், வைண்டிங் கருகுவதற்கு முன்பே சுவிட்சை அணைத்துவிடலாம்.

இணைப்பு மாறியாயிற்று; இனி சுவிட்சுக்கு வருவோம். வட அமெரிக்காவில் இருப்பது போன்ற 120/240 வோல்ட் அமைப்பில் 240 என்பது இரண்டு லைவ் கம்பிகளுக்கு இடையே கிடைப்பது. அங்கே நியூட்ரல் வேலை செய்வதில்லை. 120-இல் ஓடியபோது போதுமாக இருந்த ஒற்றைத் துருவ சுவிட்சை அப்படியே விட்டுவிட்டால், அணைத்த பிறகும் மற்றக் கம்பி வழியாக மோட்டார் முழுவதும் எர்த்துக்கு 120 வோல்ட்டில் நிற்கும். இயந்திரம் ஓடாததால் அது இறந்து கிடப்பதாக நாம் நினைத்துக் கையை வைப்போம். வைண்டிங்கில் எர்த் கசிவு ஏற்பட்டிருந்தால் அணைத்த மோட்டாரிலும் ஒரு பகுதி வழியாக மின்னோட்டம் ஓட முடியும். ஆகவே அங்கே இரட்டைத் துருவ சுவிட்ச் என்பது விருப்பம் அல்ல, கட்டாயம். அதோடு, முன்பு நியூட்ரலாக இருந்த வெள்ளைக் கம்பி இப்போது லைவ் ஆகிவிடுவதால், இரு முனைகளிலும் அதற்கு வேறு நிற நாடா சுற்ற வேண்டும். ஒரு லைவும் ஒரு நியூட்ரலும் உள்ள 230 வோல்ட் அமைப்பில் ஒற்றைத் துருவ சுவிட்ச் கோட்பாட்டளவில் போதும். ஆனால் பிளக்கைத் திருப்பிச் செருக முடிகிற சாக்கெட்டுகள் உள்ள இடத்தில் எந்தக் கம்பி லைவ் என்பது செருகும் கையைப் பொறுத்தது. எல்லா இயந்திரத்துக்கும் இரட்டைத் துருவமே என்று நான் வைத்துக்கொண்டிருப்பது இதனால்தான்.

மோட்டாருக்கான சுவிட்சை ஆம்பியர் எண்ணை மட்டும் பார்த்து எடுப்பதும் தவறு. ஒரே கான்டாக்டரின் மேல் ஏ.சி-1 என்பதற்கு நேரே 25 ஆம்பியர் என்றும் ஏ.சி-3 என்பதற்கு நேரே 9 ஆம்பியர் என்றும் இரண்டு எண்கள் இருப்பதைப் பார்க்கலாம். முதலாவது ஹீட்டர் போன்ற சுமைக்கு உரியது, இரண்டாவது மோட்டாருக்கு உரியது. தொடங்கும் கணத்தின் பல மடங்கு மின்னோட்டத்தையும், அணைக்கும் கணத்தில் எழும் தீப்பொறியையும் தாங்குவதற்கான எண் அந்த இரண்டாவதுதான். குதிரைத்திறனில் அல்லது கிலோவாட்டில் மதிப்பிட்ட சுவிட்ச் கிடைத்தால் எந்த மின்னழுத்தத்தில் எவ்வளவு என்பதையும் சேர்த்துப் படியுங்கள். அது மின்னழுத்தத்துக்கு ஏற்ப மாறும்.

ஓவர்லோட் ரிலேயைப் பற்றி நான் சற்று அழுத்திச் சொல்லக் காரணம் உண்டு. ஒரு மேசை ரம்பத்தை 115-இலிருந்து 230-க்கு மாற்றிக் கட்டினேன். கேபிள், பிளக், சுவிட்ச் எல்லாவற்றையும் மாற்றிய பிறகு, ஸ்டார்ட்டருக்குள் இருந்த ரிலேயின் சிறிய நீலத் திருகு 16-இலேயே நின்றது. சில வாரங்கள் எந்தக் குறையும் தெரியவில்லை. ஒரு நாள் ஈரமான பலகை பிளேடை இறுக்கிப் பிடித்தபோது மோட்டார் தள்ளாடி 14 ஆம்பியர் அளவில் இழுத்துக்கொண்டு நின்றது. 8 ஆம்பியர் மோட்டாருக்கு அது கொல்லும் சுமை, 16-இல் வைத்த ரிலேவுக்கோ அது சாதாரண ஓட்டம். வார்னிஷ் கருகும் வாடை வந்த பிறகுதான் நான் அணைத்தேன். மின்னழுத்தம் இரட்டித்தால் மின்னோட்டம் பாதியாகும், ஆகவே ரிலேயின் அமைப்பும் பாதியாக வேண்டும். எண் அந்த அளவுக்குக் கீழே இறங்காவிட்டால் ரிலேயையே மாற்ற வேண்டும். மின்பலகையில் இருக்கும் எம்.சி.பி. (தானாக விழும் சர்க்யூட் பிரேக்கர்) இந்த வேலையைச் செய்யும் என்று நினைக்காதீர்கள். அது கேபிளைக் காப்பதற்கு வைத்தது.

நோ-வோல்ட் சுவிட்ச், அதாவது மின்சாரம் போய் மீண்டும் வரும்போது இயந்திரம் தானாக ஓடத் தொடங்காமல் தடுக்கும் சுவிட்ச், ரம்பத்துக்கும் இழைப்பு இயந்திரத்துக்கும் அவசியம். இயந்திரங்களின் மின் பாதுகாப்புக்கான ஐ.இ.சி. 60204-1 தரமும், மின்சாரம் திரும்பி வருவதால் ஆபத்து நேரக்கூடிய இயந்திரம் தானாகத் தொடங்கக் கூடாது என்கிறது. ஆனால் அந்தச் சுவிட்சுக்குள் இருக்கும் காயில் ஒரு குறிப்பிட்ட மின்னழுத்தத்துக்கு மட்டுமே உரியது. 115 வோல்ட் காயிலுக்கு 230 கொடுத்தால் அது சில நிமிடங்களில் கருகும். 230 வோல்ட் காயிலுக்கு 115 கொடுத்தால் பச்சைப் பொத்தானை விட்டதும் சுவிட்ச் விழுந்துவிடும். த்ரீ ஃபேஸ் ஸ்டார்ட்டரில் காயில் ஃபேஸுக்கும் ஃபேஸுக்கும் இடையிலா, ஃபேஸுக்கும் நியூட்ரலுக்கும் இடையிலா என்பதைப் பொறுத்து 400 அல்லது 230 என்று மாறும். இந்தத் தொல்லை வேண்டாம் என்றால், 115/230 என்று இரண்டு முனைகள் உள்ள ஒரு சிறிய கட்டுப்பாட்டு டிரான்ஸ்ஃபார்மரை வைத்து, பொத்தான்களையும் காயிலையும் 24 வோல்ட்டில் ஓட்டலாம். பெட்டி கொஞ்சம் பெரிதாகும், வயரிங் கூடும். ஆனால் பின்னாளில் இயந்திரத்தின் மின்னழுத்தம் மாறினால் ஒரு முனையை நகர்த்தினால் போதும். கையால் தொடும் பொத்தான்களில் 24 வோல்ட்டுக்கு மேல் இருக்காது, இரண்டாவது அவசர நிறுத்தப் பொத்தானை மெல்லிய கம்பியில் தூரத்தில் வைக்கவும் முடியும். சிறிய இயந்திரத்துக்கு நோ-வோல்ட் சுவிட்ச், ஒரு கிலோவாட்டுக்கு மேற்பட்ட நிலையான இயந்திரத்துக்கு 24 வோல்ட் கட்டுப்பாட்டோடு கூடிய கான்டாக்டர் என்பது என் பிரிப்பு.

ஒரே பட்டறையில் இரண்டு மின்னழுத்தங்கள் இருந்தால் பிளக்குகள் ஒன்றுக்கொன்று பொருந்தவே கூடாது. ஐ.இ.சி. 60309 தொழிலகப் பிளக்குகள் இதற்கென்றே உருவானவை. 100–130 வோல்ட்டுக்கு மஞ்சள், 200–250-க்கு நீலம், 380–480-க்குச் சிவப்பு. எர்த் ஊசியின் இடமும் மாறுவதால் மஞ்சளை நீலத்தில் செருக முடியாது. இயந்திரத்தின் மேலேயே ஒரு நழுவு சுவிட்சை வைத்து 115, 230 என்று மாற்றிக்கொள்ளும் ஏற்பாட்டை நான் எந்த இயந்திரத்துக்கும் செய்துகொடுப்பதில்லை. தவறுதலாக ஒரு முறை நழுவினால் போதும், மோட்டார் போய்விடும்.

இரண்டாவது வழி டிரான்ஸ்ஃபார்மர். 100 அல்லது 120 வோல்ட் கைக்கருவியை 230-இல் ஓட்ட இது எளிது, கருவிக்குள் எதையும் தொட வேண்டியதில்லை. யுனிவர்சல் மோட்டார் என்பதால் அலைவெண்ணும் தடையாகாது. ஆனால் ஆட்டோ டிரான்ஸ்ஃபார்மரையும் இரு வைண்டிங்குகள் தனித்தனியாக உள்ள தனிமைப்படுத்தும் டிரான்ஸ்ஃபார்மரையும் ஒன்றாக எண்ணக் கூடாது. ஆட்டோ வகை சிறியது, இலேசானது. ஆனால் அதன் பொதுவான வைண்டிங் அறுந்தால் 120 வோல்ட் கருவிக்கு 230-உம் நேரே போய்ச் சேரும். பிளக் திரும்பிச் செருகப்பட்டால் 'பூஜ்ய' முனையே எர்த்துக்கு 230-இல் நிற்கும். கையில் பிடித்து வேலை செய்யும் கருவிக்குத் தனிமைப்படுத்தும் வகைதான் என் தேர்வு. பிரிட்டனின் கட்டுமானத் தளங்களில் பயன்படும் 110 வோல்ட் முறை இன்னும் ஒரு படி மேலே போகிறது. அதில் வைண்டிங்கின் நடுப்புள்ளியை எர்த் செய்திருப்பதால், எந்தக் கம்பியைத் தொட்டாலும் எர்த்துக்கு 55 வோல்ட் மட்டுமே. இரு கம்பிகளும் லைவ் என்பதால் அங்கேயும் இரட்டைத் துருவ சுவிட்ச் வேண்டும். அளவைப் பொறுத்தவரை, தகட்டில் விட்டுவிட்டு ஓடும் திறனும் தொடர்ந்து ஓடும் திறனும் வேறு வேறாக இருக்கலாம், தொடர் திறன் மற்றதில் பாதியாகவும் இருக்கலாம். எடுக்க வேண்டியது தொடர் திறனை. இன்னொன்று, தனிமைப்படுத்தும் டிரான்ஸ்ஃபார்மருக்கு முன்னால் இருக்கும் ஆர்.சி.சி.பி. (எர்த் கசிவை உணர்ந்து மின்சாரத்தைத் துண்டிக்கும் சுவிட்ச்) அதற்குப் பின்னால் நடக்கும் கசிவை உணராது.

பெட்டி டிரான்ஸ்ஃபார்மரைவிடக் கையடக்கமாக, பயணத்துக்கென்று விற்கும் 'கன்வெர்ட்டர்'களைப் பட்டறையில் சேர்க்கவே வேண்டாம். சிலவற்றில் உள்ளே ஒரு டயோடைத் தவிர வேறெதுவும் இராது. அது அலையின் ஒரு பாதியை வெட்டிவிடுகிறது. 230 வோல்ட்டின் பாதி அலைக்குரிய பயனுறு மதிப்பு 115 அல்ல, 163 வோல்ட். சூடாக்கும் கம்பிக்குக்கூட அது அதிகம், மோட்டாருக்கு நஞ்சு.

இண்டக்ஷன் மோட்டாருக்கு டிரான்ஸ்ஃபார்மர் வைப்பதில் மறைந்திருக்கும் குழி அலைவெண். டிரான்ஸ்ஃபார்மர் வோல்ட்டை மாற்றும், ஹெர்ட்ஸை மாற்றாது. 60 ஹெர்ட்ஸில் 230 வோல்ட்டுக்குச் செய்த மோட்டார் 50 ஹெர்ட்ஸில் ஆறில் ஐந்து பங்கு வேகத்தில்தான் சுழலும். அதே 230 வோல்ட்டைக் கொடுத்தால் இரும்புக்குள் காந்தப்புலம் இருபது விழுக்காடு கூடி, சுமை இல்லாமலேயே சூடேறும். அதற்குச் சரியான மின்னழுத்தம் 50 ஹெர்ட்ஸில் சுமார் 192 வோல்ட். ஒரே நாட்டுக்குள்ளேயே கிழக்குப் பகுதியில் 50 ஹெர்ட்ஸும் மேற்குப் பகுதியில் 60 ஹெர்ட்ஸும் ஓடும் ஜப்பானில் பல இயந்திரங்களின் தகட்டில் இரண்டு அலைவெண்களும் எழுதியிருப்பதைப் பார்க்கலாம். அப்படி இரண்டும் எழுதாத தகடு என்றால் எச்சரிக்கையாக இருக்க வேண்டும்.

மூன்றாவது வழி, த்ரீ ஃபேஸ் மோட்டாரை சிங்கிள் ஃபேஸில் ஓட்டுவது. '230/400 வோல்ட், டெல்டா/ஸ்டார், 5.9/3.4 ஆம்பியர்' என்ற தகடு உள்ள 1.5 கிலோவாட் லேத் மோட்டாருக்கு வி.எஃப்.டி. மிகப் பொருத்தமானது. 230 வோல்ட் சிங்கிள் ஃபேஸை வாங்கி 230 வோல்ட் த்ரீ ஃபேஸாகக் கொடுக்கும் வி.எஃப்.டி.க்கு மோட்டார் டெல்டாவில், அதாவது மூன்று வைண்டிங்குகளும் முக்கோணமாக இணைந்த நிலையில், இருக்க வேண்டும். டெர்மினல் பெட்டியில் இரண்டு வரிசையாக ஆறு போல்ட்டுகள் இருக்கும். ஒரு வரிசையின் மூன்றையும் கிடைமட்டமாகச் சேர்த்திருக்கும் பித்தளைத் தகடுகளைக் கழற்றி, மூன்று செங்குத்துப் பாலங்களாகப் போட்டால், மூன்று வைண்டிங்குகளின் ஒரு முனை ஒன்றாகச் சேர்ந்த ஸ்டார் இணைப்பு டெல்டாவாகிவிடும். '400/690' என்ற தகடு உள்ள மோட்டார் டெல்டாவிலேயே 400 கேட்பதால், அதற்கு இந்த வழி திறக்காது. வேகத்தைத் திருகிக் கூட்டிக் குறைக்கலாம், தொடக்கம் மென்மையாகும், அலைவெண் சிக்கலும் மறைந்துவிடும். ஆதலால் லேத்துக்கும் துளையிடும் இயந்திரத்துக்கும் இதைவிட நல்ல வழியை நான் காணவில்லை.

ஆனால் சுவிட்ச் விஷயத்தில் வி.எஃப்.டி. பழைய பழக்கம் அனைத்தையும் மாற்றச் சொல்கிறது. இயந்திரத்தில் இருக்கும் பழைய முன்னோக்கு–பின்னோக்கு சுவிட்சை வி.எஃப்.டி.க்கும் மோட்டாருக்கும் நடுவே விட்டுவைத்து, ஓடும்போது அதைத் திருப்பினால் வி.எஃப்.டி.யின் வெளியீட்டுப் பகுதி பழுதாக வாய்ப்புண்டு. மோட்டார் கம்பிகளை நேரடியாக வி.எஃப்.டி.யில் கட்டி, அந்தச் சுவிட்சை அதன் கட்டுப்பாட்டு முனைகளுக்கு மாற்ற வேண்டும். உள்ளீட்டுப் பக்கத்து மெயின் சுவிட்சை வேலை முடியும்போது மட்டும் அணைக்க வேண்டும், இயக்கவும் நிறுத்தவும் அதைப் பயன்படுத்தக் கூடாது. உள்ளே கெப்பாசிட்டரில் சுமார் 325 வோல்ட் நேர்மின்சாரம் தேங்கியிருக்கும். மெயினை அணைத்த பிறகு கையேட்டில் சொல்லும் நிமிடங்கள் வரை மூடியைத் திறக்கக் கூடாது. அதன் வடிகட்டியின் கசிவு மின்னோட்டத்தால் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. காரணமில்லாமல் விழலாம் என்பதால், எந்த வகை ஆர்.சி.சி.பி. வேண்டும் என்று கையேட்டைப் பார்த்து எடுப்பது நல்லது.

கெப்பாசிட்டர் ஒன்றை மட்டும் வைத்து ஓட்டும் பழைய முறை, கிலோவாட்டுக்கு ஏறத்தாழ 70 மைக்ரோ ஃபாரட் என்ற கணக்கில், இன்றும் வேலை செய்யும். ஆனால் சக்தி மூன்றில் இரண்டு பங்காகக் குறைந்து, தொடக்க முறுக்குவிசையும் மிகவும் தாழ்ந்துவிடும். சாணைக்குப் போதும், கம்பிரசருக்கு ஆகாது.

மோட்டாரையே மாற்றும் நான்காவது வழியைப் பலரும் தோல்வியாக எண்ணித் தள்ளிப்போடுகிறார்கள். ஒற்றை மின்னழுத்தம், 60 ஹெர்ட்ஸ், சிங்கிள் ஃபேஸ் என்று மூன்றும் பொருந்தாத மோட்டாருக்கு டிரான்ஸ்ஃபார்மர் வாங்கிச் சூடேற்றி ஓட்டுவதைவிட, உடற்சட்டகத்தின் (ஃபிரேம்) அளவும் தண்டின் விட்டமும் பொருந்தும் வேறு மோட்டாரைப் பொருத்தி, வேகம் மாறினால் புல்லியின் விட்டத்தைத் திருத்திக்கொள்வது எல்லா வகையிலும் மேல்.

எந்த வழியை எடுத்தாலும், மின்பலகையிலிருந்து சாக்கெட் வரையிலான நிலையான வயரிங்கை உரிமம் பெற்ற மின்பணியாளரிடம் விட்டுவிடுங்கள். இயந்திரப் பக்கத்து வேலை முடிந்ததும் பிளேடோ கல்லோ இல்லாமல் ஒரு முறை ஓட்டி, பிறகு சுமையோடு ஓட்டி, கிளாம்ப் மீட்டரில் வரும் ஆம்பியரைத் தகட்டின் எண்ணோடு ஒப்பிடுங்கள். அணைத்த நிலையில் மோட்டாரின் ஒவ்வொரு முனைக்கும் எர்த்துக்கும் இடையே மின்னழுத்தம் இல்லை என்பதைச் சோதியுங்கள், வி.எஃப்.டி. இருந்தால் மெயினையும் அணைத்துக் காத்திருந்து சோதியுங்கள். இறுதியாக, டெர்மினல் பெட்டி மூடியின் உட்புறத்தில் அழியாத மையால் இணைத்த மின்னழுத்தம், ரிலே வைத்த ஆம்பியர், காயிலின் வோல்ட், தேதி ஆகிய நான்கையும் எழுதி, அதே மின்னழுத்தத்தை வெளியே பிளக்கின் அருகிலும் ஒரு சீட்டில் எழுதிக் கேபிளோடு கட்டிவிடுங்கள்.